அப்பாவின் முட்டியில் ஒரு டொக்

தென்றலின் அப்பா வசந்தகுமார் பன்னிரண்டு வருடமாகக் கார்களுக்கு இடது பக்க சீட் மாட்டுகிறார். வலது பக்க சீட்டை அவர் தொட்டதே கிடையாது.

ஒரகடத்தில் அவர் வேலை செய்யும் கம்பெனியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்து வரும். அதற்கு லைன் என்று பெயர். லைனின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொருவர் நிற்கும் இடமும் ஒரு ஸ்டேஷன். இடது பக்கத்து ஆள் இடது பக்க வேலையை மட்டும் செய்ய வேண்டும். வலது பக்கத்து ஆள் வலது பக்க வேலையை மட்டும். அடுத்தவர் ஸ்டேஷனில் கை வைத்தால் சூப்பர்வைசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையில் பச்சை மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று பொருள். கோடு இல்லையென்றால் வண்டி நகராது.

இதெல்லாம் தென்றலுக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தைவிட நன்றாகத் தெரியும். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார்.

அப்படிப்பட்ட அப்பா இரண்டு மாதமாக வீட்டில் இருந்தார். கார்த்திகை மாத மழையில், ஒரகடம் கூட்டு ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று வாரி இறைத்த சேற்றில் அவருடைய பைக் வழுக்கிவிட்டது. இடது முட்டியில் ஆபரேஷன். உள்ளே இரண்டு ஸ்குரூ வைத்திருப்பதாக டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்.

அப்பா எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி டாக்டர், டைட் பண்ணிட்டு மார்க் வெச்சீங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. மார்க் வைக்காத ஸ்குரூவை நம்பி எப்படி நடப்பது என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

பொங்கல் முடிந்ததும் பிசியோதெரபி பார்க்கும் இனியவன் சார் ஒரு வேலை கொடுத்தார். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் மெதுவாக மிதிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அவர் அளந்து பார்ப்பார். நூற்றிருபது டிகிரி மடங்கினால், வேலைக்குப் போகலாம் என்று எழுதித் தருவார். மடங்காவிட்டால் மறுபடியும் டாக்டர், மறுபடியும் எக்ஸ்ரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வந்தது. சைக்கிளாக வரவில்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்தது.

கூடவே ஒரு செய்முறைப் புத்தகம் இருந்தது. தென்றல் அதைப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் படமும் அம்புக்குறியுமாக அழகாக இருந்தது. அப்பாவிடம் நீட்டினாள்.

"பன்னெண்டு வருசமா கார் பண்றவனுக்கு சைக்கிள் மாட்ட பொஸ்தகம் வேணுமாம்மா?" என்றார் அப்பா. கட்டிலை விட்டு இறங்காமல் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார்.

மாடி அறையில் மூன்று அண்ணன்கள் வாடகைக்கு இருந்தார்கள். மாரிராஜ், முப்பிடாதி, ஐயனார். மூவருக்கும் சங்கரன்கோவில் பக்கம். மூவரும் அப்பாவின் லைனில்தான் வேலை செய்தார்கள். முப்பிடாதி போல்ட்டுகளைக் கையால் ஏற்றிவிடுகிறவன். மாரிராஜ் வலது பக்கத்தில் நின்று அவற்றை இறுக்குகிறவன். ஐயனார் பச்சைக் கோடு போட்டுச் சரிபார்க்கிறவன். இடது பக்கத்தில் இறுக்குகிறவர்தான் நம் வசந்தகுமார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த காரச்சேவுப் பொட்டலத்தோடு மூவரும் இறங்கி வந்தார்கள். புத்தகத்தை யாரும் பார்க்கவில்லை. அம்மா சூடான சாம்பார்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, கீழே வைக்க ஏதாவது வேண்டும் என்று தேடினாள். புத்தகத்துக்கு அந்த வேலை கிடைத்தது.

அடுத்த நிமிடம் கூடம் ஒரு லைனாக மாறிவிட்டது. முப்பிடாதி ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் ஏற்றினான். பின்னாலேயே வந்த மாரிராஜ் ஸ்பேனரால் இறுக்கினான். அவன் பின்னால் ஐயனார், சட்டைப்பையிலிருந்த மார்க்கரால் கோடு போட்டான். முன்கால் சட்டம், பின்கால் சட்டம், சீட், ஹேண்டில் என்று மளமளவென்று ஏறின. அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு சூப்பர்வைசர் குரலில் அவசரப்படுத்தினார். அவருக்கு இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் முகம் மலர்ந்திருந்தது.

கடைசியாக வந்தவை பெடல்கள். இடது பெடலைத் திருகும்போது முப்பிடாதி ஒரு கணம் நின்றான்.

"அண்ணே, இது என்ன ஏறுக்குமாறா ஏறுது?" என்றான்.

"ஏறிச்சா?"

"ஏறிட்டு."

"அப்ப சரி. அடுத்தது பாரு" என்றார் அப்பா.

மாரிராஜ் வலது பெடலை இறுக்கினான். ஐயனார் கோடு போட்டான். இருபத்திரண்டு நிமிடத்தில் சைக்கிள் தயார். நால்வரும் கைதட்டிக்கொண்டார்கள். காரச்சேவும் தீர்ந்தது.

மறுநாள் அம்மா ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அம்மா சுபஸ்ரீ செல்போன் கம்பெனியில் முதல் ஷிஃப்ட். விடிகாலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால், ஓவர்டைம் முடித்து வரப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் தாளுக்குப் பொறுப்பு தென்றல். அப்பா மிதித்து முடித்ததும் தேதிக்கு நேராக ஒரு டிக் போட வேண்டும். பல நாள் அப்பா மிதிக்கும் நேரத்தில் தென்றல் தலை பின்னிக்கொண்டிருப்பாள், அல்லது பாலுக்குப் போயிருப்பாள். முடித்தாயிற்றா என்று கேட்பாள். முடித்தாயிற்று என்பார் அப்பா. டிக் விழும்.

இரண்டாவது வாரம், புதன்கிழமை. கணக்கு டீச்சர் பாஞ்சாலி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். வீட்டில் கண்ணில் படும் தசம எண்கள் ஐந்தை எழுதி வர வேண்டும்.

தென்றல் கேஸ் சிலிண்டரில் 14.2 கண்டுபிடித்தாள். மருந்துச் சீட்டில் ஒன்று, தயிர் டப்பாவில் ஒன்று, அம்மாவின் செருப்புப் பெட்டியில் ஒன்று கிடைத்தன. ஐந்தாவதுக்கு வீடு முழுக்க அலைந்தாள். அப்போதுதான் சைக்கிள் ஹேண்டிலில் இருந்த சின்னத் திரை நினைவுக்கு வந்தது. இதுவரை மொத்தம் எத்தனை கிலோமீட்டர் மிதித்தது என்று அது காட்டும். 37.2 என்று இருந்தது. எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது. ஐந்துக்கு ஐந்து. அந்தப் பெருமையோடு, இன்றைக்கு அந்த எண் எவ்வளவு ஏறியிருக்கும் என்று போய்ப் பார்த்தாள்.

37.2.

தென்றல் திரையைத் துடைத்துப் பார்த்தாள். அதே 37.2. தாளில் புதன் மாலை, வியாழன் காலை, வியாழன் மாலை, வெள்ளி காலை, வெள்ளி மாலை என்று ஐந்து டிக் இருந்தன. ஐந்தையும் போட்டது அவள்தான். ஒரு டிக்குக்கு இரண்டு கிலோமீட்டராவது ஏறியிருக்க வேண்டும்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுப்பாடம் செய்யாமல் செய்தேன் என்று அவள் சொன்னால் அப்பா சும்மா விடுவாரா? நேராகப் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து இடது முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நோட்டைக் காட்டினாள். "அப்பா, இந்த நம்பர் மூணு நாளா அப்படியே கீது" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா நோட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"சத்தம் வருதும்மா" என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "முட்டிலேர்ந்து. இடது காலு கீழ போவும்போதெல்லாம் டொக்குனு ஒரு சத்தம். மொதல்ல எப்பயாவது வந்துச்சு. இப்ப ஒவ்வொரு சுத்துக்கும் வருது. உள்ள வெச்ச ஸ்குரூ லூசாயிடுச்சோ இன்னாவோ."

"வலிக்குதாப்பா?"

"வலி இல்ல. ஆனா உள்ளங்காலுல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் தெரியுது. திரும்ப ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கன்னா? என் ஸ்டேஷனுக்கு வேற ஆள் போட்டுடுவாங்க." பிறகு அவசரமாக, "அம்மாவாண்ட சொல்லாத. பாவம், அவளுக்கு ஏற்கெனவே தூக்கம் இல்ல" என்றார்.

தென்றலுக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷன் அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரி நடையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. மறுபடியும் அதெல்லாமா? இனியவன் சார் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் சொல்லமாட்டேன்" என்றாள். "நாளன்னிக்கு நீயே சொல்லிடணும்."

அப்பா தலையாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். அப்பா குளிக்கப் போனார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டியபடியே மெதுவாகக் குளித்து வர அவருக்கு அரைமணி நேரம் ஆகும்.

தென்றல் சைக்கிள் முன்னால் வந்து நின்றாள். இரவு படுக்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. சத்தம் முட்டியிலிருந்து வந்தால், அப்பா ஏறினால்தான் வரும். சைக்கிளிலிருந்து வந்தால் யார் மிதித்தாலும் வரும். அவ்வளவுதானே?

குனிந்து பெடலைக் கையால் சுற்றினாள். ஒரு சுற்று. ஐந்து சுற்று. இருபது சுற்று. சைக்கிள் சமர்த்தாகச் சுற்றியது. ஒரு முனகல்கூட இல்லை.

அப்படியானால் முட்டிதான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குளியலறையில் அப்பா ஏதோ பழைய மெட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் கேட்கட்டும், தான் கவலைப்படவில்லை என்று நினைக்கட்டும் என்றுதான் அவர் பாடினார். அது தென்றலுக்கும் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி யோசித்தாள். கையால் சுற்றுவதும் காலால் மிதிப்பதும் ஒன்றா? அப்பா எழுபத்தைந்து கிலோ. தன் கைக்கு அவ்வளவு பலம் எங்கே இருக்கிறது?

சீட்டின் குமிழைத் திருகி, எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினாள். ஏறி உட்கார்ந்தாள். அப்படியும் கால் விரல்தான் எட்டியது. சீட்டை விட்டு இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பெடல்களின் மேலேயே நின்றாள். தன் முழுப் பாரத்தையும் இடது காலில் போட்டு அழுத்தினாள்.

டொக்.

உள்ளங்காலில் ஆரம்பித்து முட்டிவரை தெரிந்தது. அப்பா சொன்னது போலவே.

இன்னொரு சுற்று. டொக். இன்னொரு சுற்று. டொக்.

தென்றலின் முட்டியில் ஸ்குரூ எதுவும் இல்லை. விழுந்து வாரிய இரண்டு தழும்புகள்தான் உண்டு.

அவள் சைக்கிளை விட்டுக் குதித்து, குளியலறைக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். அப்பா தலையில் பாதி சோப்போடு வெளியே எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் வாப்பா. என் முட்டியும் லூசாயிடுச்சு" என்றாள்.

அப்பா பதறிப்போய், துண்டைக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். தென்றல் அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, அவருடைய கையை எடுத்துத் தன் இடது முட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு பெடலை அழுத்தினாள்.

டொக்.

அப்பா கையை எடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி" என்றார்.

டொக்.

"இன்னொரு வாட்டி."

டொக்.

சோப்பு நுரை கண்ணில் இறங்குவதுகூட அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. "அப்ப என் முட்டி இல்ல" என்றார். "என் முட்டி இல்லம்மா." அவர் சிரித்தார். கண்ணும் கலங்கியது. சோப்பு என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். தென்றல் நம்பியது போல இருந்துவிட்டாள்.

"முட்டி இல்லன்னா வேற எதுப்பா?" என்று கேட்டாள்.

இருவரும் தேடினார்கள். அதற்கு ஐயனார் அண்ணனின் பச்சைக் கோடுகள் உதவின. முன்கால் சட்டத்தில் கோடு இருந்தது. பின்கால் சட்டத்தில் இருந்தது. சீட்டுக்கு அடியில், ஹேண்டிலில், வலது பெடலில் எல்லாம் இருந்தது. தென்றல் தரையில் படுத்து இடது பெடலைப் பார்த்தாள். இரும்புக் கையோடு பெடல் சேரும் இடம் வெறுமையாக இருந்தது. பெடலைப் பிடித்து ஆட்டினாள். விழப்போகும் பால் பல் மாதிரி ஆடியது.

"அப்பா, இங்க கோடு இல்ல."

அப்பாவின் முகம் சூப்பர்வைசர் முகமாக மாறியது. "மேல இருக்கிறவனுங்க மூணு பேரையும் கூப்பிடு" என்றார்.

மூவருக்கும் அந்த வாரம் மதிய ஷிஃப்ட். தூங்கிக்கொண்டிருந்தார்கள். தென்றல் எழுப்பிய எழுப்பில் முப்பிடாதி போர்வையோடே இறங்கி வந்தான். சைக்கிள் முன்னால் மூவரையும் நிற்க வைத்து அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

விரலால் ஏற்றுவது மட்டுமே தன் வேலை, ஏற்றிவிட்டேன் என்றான் முப்பிடாதி. மாரிராஜ் இறுக்கியதில் மட்டும்தான் தான் கோடு போட்டேன் என்றான் ஐயனார்.

"அப்ப நீ ஏன்டா இத டைட் பண்ணல?" என்று மாரிராஜைப் பிடித்துக்கொண்டார் அப்பா.

மாரிராஜ் தலையைச் சொறிந்தான். "நான் வலது பக்கம்லா அண்ணே. இடது பக்கத்துல நான் எப்படிக் கை வைப்பேன்?"

"அப்ப இடது பக்கம் யார் ஸ்டேஷன்?"

மாரிராஜ் ஐயனாரைப் பார்த்தான். ஐயனார் முப்பிடாதியைப் பார்த்தான். பிறகு மூவரும் சேர்ந்து அப்பாவைப் பார்த்தார்கள்.

"அது உங்க ஸ்டேஷன்லா அண்ணே" என்றான் மாரிராஜ், மிகவும் மரியாதையாக.

தென்றலுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா முறைக்கப் பார்த்தார். முடியவில்லை. கட்டில் ஆட ஆட அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அண்ணன்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் அப்பா இறுக்காமல் விட்ட முதல் போல்ட் அதுதான். அன்றைக்கு அவர் தன் ஸ்டேஷனில் நிற்காமல் கட்டிலில் படுத்து அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"ஸ்பேனர் குடு. என் ஸ்டேஷன நானே பாத்துக்கிறேன்" என்று அப்பா தரையில் இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்தார்.

பன்னிரண்டு வருடப் பழக்கம். ஸ்பேனரை மாட்டி, கடிகார முள் சுற்றும் பக்கமாக ஒரு திருகு திருகினார். பெடல் இன்னும் ஆடியது. இன்னொரு திருகு. அதற்கும் மேல் ஆடியது. மூன்றாவது திருகில் பெடல் கழன்று அவர் மடியில் விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. மரை போய்விட்டது என்றான் ஐயனார். புதிய பெடல் வர பத்து நாளாவது ஆகும் என்றான் மாரிராஜ். அப்பாவின் முகம் மறுபடியும் வாடியது. இனியவன் சாரைப் பார்க்க இன்னும் ஒன்பதே நாள்.

தென்றலுக்கு முப்பிடாதி அண்ணன் அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏறுக்குமாறாக ஏறுகிறது என்றானே. அவள் சமையலறைக்கு ஓடி, பாத்திர அலமாரியில் இருந்த செய்முறைப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அது இப்போது நிரந்தரமாகச் சாம்பாருக்குக் கீழேதான் இருந்தது. ஏழாம் பக்கத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை. அந்த வட்டத்துக்கு நடுவில் இரண்டு பெடல்களின் படம் இருந்தது. வலது பெடலின் அம்பு கடிகாரம் சுற்றும் பக்கம் போனது. இடது பெடலின் அம்பு எதிர்ப்பக்கம் போனது.

"இடது பெடலுக்கு எல்லாமே தலைகீழ்ப்பா" என்றாள் தென்றல். "இந்தப் பக்கம் சுத்தினாத்தான் டைட்டாவும்."

கார் கட்டுகிற நான்கு ஆட்கள் ஒரு சாம்பார்க் கறைக்கு மேல் தலையைக் குவித்துப் பார்த்தார்கள். முப்பிடாதி மட்டும், நான் அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள் என்று போர்வைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா பெடலைப் பொருத்தி, எதிர்ப்பக்கமாகத் திருகினார். மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல் பிடித்தது போல ஏறியது. கடைசியில் ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

சீட்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார்கள். அப்பா ஏறி உட்கார்ந்தார். தென்றல் எல்லோரையும் வாயை மூடச் சொன்னாள். ஃபேனைக்கூட நிறுத்தினாள்.

இடது கால் கீழே போனது. சத்தம் இல்லை. மறுபடியும் போனது. சத்தம் இல்லை. தெருவில் கோலப்பொடி விற்றுக்கொண்டு போகிறவரின் குரல்தான் கேட்டது. அப்பா பத்து நிமிடம் என்பதை மறந்து மிதித்துக்கொண்டே இருந்தார். திரையில் 37.2 போய் 37.3 வந்தபோது தென்றலுக்குப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது போல இருந்தது.

ஐயனாருக்கு மார்க்கர் நினைவு வந்தது. சட்டைப்பையைத் தடவினான். மார்க்கர் கம்பெனி லாக்கரில் இருந்தது. தென்றல் அலமாரியைத் திறந்து அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்தாள். இடது பெடலில், இரும்புக் கைவரை நீளும்படி நேராக ஒரு கோடு இழுத்தாள். பெடல் தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று ஐயனார் விளக்கினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோடுகளைப் பார்ப்பது, வியர்வையைத் துடைப்பது, எல்லா போல்ட்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது தன் வேலை என்று தென்றல் சொல்லிவிட்டாள். இடது, வலது இரண்டு பக்கமும் அவளுடைய ஸ்டேஷன்தான்.

நகப்பூச்சுக் குச்சியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பா இறங்கி உட்கார்ந்ததும் அவருடைய இடது முட்டியில் தழும்புக்குப் பக்கத்தில் அவள் ஒரு சின்னக் கோடு போட்டாள்.

"டாக்டர் வெக்காத மார்க்கு" என்றாள். "இனிமே பயப்படாத."

அப்பா அந்தக் கோட்டை ஊதி ஊதிக் காயவைத்தார்.

மாலையில் அம்மா வந்தாள். தென்றல் தாளில் இருந்த ஐந்து பொய் டிக்குகளையும் அடித்து வைத்திருந்தாள். அம்மா தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா பையைக்கூட கீழே வைக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அப்பாவின் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள், ஒரு டிக்கும் பொய் இல்லை. தென்றல் டிக்குக்குப் பக்கத்திலேயே கிலோமீட்டரையும் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை அப்பா, அம்மா, தென்றல் மூவரும் இனியவன் சாரிடம் போனார்கள். அவர் அப்பாவைப் படுக்கவைத்து, முட்டியை மெதுவாக மடக்கினார். கோணம் அளக்கும் கருவியை வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூத்தி இருபத்தஞ்சு" என்றார் இனியவன் சார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். தென்றல் கணக்கு டீச்சரே வெட்கப்படும் வேகத்தில் நூற்றிருபதைக் கழித்து, ஐந்து டிகிரி மிச்சம் என்றாள்.

சார் வேலைக்குப் போகலாம் என்று எழுதப் போனவர், முட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். எட்டு நாள் குளியலுக்குப் பிறகும் பாதி மிச்சமிருந்தது அந்தச் சிவப்புக் கோடு.

"இது என்ன சார், காயமா?"

"இல்ல சார்" என்றார் அப்பா, மகளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "டைட் பண்ணி, செக் பண்ணி, ஓகே ஆன மார்க்கு. இவதான் வெச்சா."

இனியவன் சார் குனிந்து அந்தக் கோட்டை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் பேனாவைத் திறந்தார்.

"கோடு இருக்கே. அப்ப வண்டி லைனுக்குப் போகலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.